நாடு ஒன்று ஊராட்சியான கதை

செஞ்சின்னு சொன்ன உடனே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ரெண்டு விஷயம். ஒண்ணு கோட்டை, இன்னொண்ணு தேசிங்கு ராஜா. கொஞ்சம் வரலாறு படிச்சவங்கன்னா சிவாஜி, ராஜாராம், பிரெஞ்சுக்காரங்கன்னு லிஸ்ட் நீளும். சென்னையிலிருந்து திருவண்ணாமலை போற பஸ்ஸில் தூங்காம வந்தவங்க, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் யாரோ லாரியில கொண்டு வந்து கொட்டின மாதிரி குவிஞ்சு கிடக்கற பாறை மலைகளைப் பார்த்திருப்பீங்க.

இந்தப் பதிவு கோட்டையைப் பத்தி இல்லை. கோட்டைக்கு வடக்கே நாலஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கற சிங்கவரம்ங்கற கிராமத்தைப் பத்தி. ஒரு குன்று, அதுல பாறையைக் குடைஞ்சு செஞ்ச ரங்கநாதர் கோயில், அடிவாரத்துல ஊர். கோயிலுக்கு வர்றவங்க படி ஏறி பெருமாளைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடுவாங்க. இன்னிக்கு இதோட முழு முகவரி இப்படி இருக்கு: சிங்கவரம் ஊராட்சி, செஞ்சி ஊராட்சி ஒன்றியம், செஞ்சி வட்டம், திண்டிவனம் வருவாய்க் கோட்டம், விழுப்புரம் மாவட்டம். அதாவது செஞ்சிக்குக் கீழே சிங்கவரம்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இது அப்படியே தலைகீழ். அப்போ இந்தப் பகுதிக்கே பேர் சிங்கபுர நாடு. செஞ்சி இருக்கற இடமும் அந்த நாட்டுக்குள்ளேதான். ஒரு நாட்டுக்கே பேர் கொடுத்த ஊர் எப்படி ஒரு ஒன்றியத்துல பல ஊராட்சிகளில் ஒண்ணா ஆச்சு? அதைத் தேடிப் போனா ஒரு விஷயம் புலப்படுது. இந்தப் பக்கத்துல தலைநகரம் ஒரு இடத்துல நிலையா இருந்ததே இல்லை. ஒவ்வொரு காலத்துலயும் ஆளறவனுக்கு எது வசதியோ அங்கே போயிட்டே இருந்திருக்கு. ஊரும் ஏரியும் வயலும் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கு.

முதல்ல நிலத்தைப் பார்ப்போம்

செஞ்சியைச் சுத்தி இருக்கறது கருங்கல் குன்றுகள். கோட்டையே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு (சந்திராயன் துர்க்கம்னும் சொல்வாங்க) மூணு குன்றையும் இணைச்சுக் கட்டினதுதான். சுத்துச் சுவரோட நீளம் மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். மேற்கே பக்கமலைக் காடு. அங்கே பிறக்கற சங்கராபரணி ஆறு (வராக நதின்னும், செஞ்சி ஆறுன்னும் பேர் உண்டு) செஞ்சிப் பக்கமா ஓடி, வீடூர் அணைக்குப் போய், அப்புறம் புதுச்சேரி பக்கத்துல கடல்ல கலக்குது. ஆறுன்னதும் காவிரி மாதிரி கற்பனை பண்ணிக்காதீங்க. மழை பெஞ்சா தண்ணி, இல்லேன்னா மணல். அதனால இங்கே விவசாயம்னா ஏரிதான், கிணறுதான். குன்றிலிருந்து வழியற மழைத் தண்ணியை மடக்கி ஒரு ஏரி, அது நிரம்பினா அடுத்த ஏரி. இந்த ஏரிகளை நம்பித்தான் ஊர்கள்.

சிங்கவரத்துல கிராமம் வந்ததுக்குக் காரணமும் கிட்டத்தட்ட இதுதான். குன்றும் தண்ணியும் பக்கத்துப் பக்கத்துல. ஆனா அந்தக் குன்றுகளுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. செஞ்சிக்கும் சிங்கவரத்துக்கும் இடையில திருநாதர்குன்றுன்னு ஒரு பாறை இருக்கு. அதுல 24 தீர்த்தங்கரர்களையும் ரெண்டு வரிசையா செதுக்கி வச்சிருக்காங்க. அங்கேயே சந்திரநந்தி ஆசிரியர்ங்கற சமண முனிவர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதைச் சொல்ற பழைய கல்வெட்டும் இருக்கு. தமிழி எழுத்து வட்டெழுத்தா மாறிட்டிருந்த காலத்து எழுத்து அது. ஆக, கோட்டை வர்றதுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இது ஆள் நடமாட்டம் உள்ள, பேர் தெரிஞ்ச இடம்.

சிங்கபுரம்

அடுத்து பல்லவர்கள். சிங்கவரம் குடைவரையை மகேந்திரவர்மன் காலத்து, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதிப் பாணின்னு சொல்றாங்க. உள்ளே படுத்திருக்கற பெருமாள் தனியா கொண்டு வந்து வச்ச சிலை இல்லை. குகையோட பாறையிலேயே செதுக்கினது. அதே கோயில்ல எருமைத் தலை மேல நிக்கற ஒரு கொற்றவைச் சிற்பமும் இருக்கு. போறவங்க அவசரப்படாம பார்த்துட்டு வாங்க.

செஞ்சிக்குப் பக்கத்துலயே மேலச்சேரின்னு ஒரு ஊர். 'பழைய செஞ்சி'ன்னும் அதைச் சொல்வாங்க. அங்கேயும் ஒரு பல்லவர் காலக் குடைவரை. அதுல இருக்கற கல்வெட்டு, சந்திராதித்யன்ங்கற அரசன் சிகரி பல்லவேஸ்வரம்ங்கற சிவன் கோயிலை சிம்ஹபுரத்துல எடுப்பிச்சதா சொல்லுது. சிம்ஹபுரம், சிங்கபுரம், சிங்கவரம். பேர் தேய்ஞ்சு வந்த வழி புரியுதா? செஞ்சிங்கற பேர் பெருசா அடிபடறதுக்கு முன்னாடியே சிங்கபுரம் கல்லுல ஏறிடுச்சு.

சோழர் காலத்துக்கு வந்தா, நிர்வாகம் நமக்கு ஓரளவு தெளிவா தெரியுது. தொண்டை மண்டலத்தைக் கோட்டம் கோட்டமா பிரிச்சிருந்தாங்க. இந்தப் பக்கம் பல்குன்றக் கோட்டம். பல குன்று உள்ள கோட்டம்னு பேரே சொல்லுது. செஞ்சிப் பக்கம் போய்ப் பார்த்தவங்க யாரும் இந்தப் பேரைக் குறை சொல்ல மாட்டாங்க :-) கோட்டத்துக்குள்ள நாடு, நாட்டுக்குள்ள ஊர். அப்படி ஒண்ணுதான் சிங்கபுர நாடு.

நாடுன்னா என்னன்னு ஒரு சந்தேகம் வரும். ராஜா மேப் எடுத்து வச்சு கோடு போட்டுப் பிரிச்சதா? பேராசிரியர் எ. சுப்பராயலு சோழ நாட்டுக் கல்வெட்டுகளில் வர்ற ஊர்ப் பேர்களை எல்லாம் வரைபடத்துல குறிச்சுப் பார்த்தார். அந்த ஆய்வு 1973-ல் புத்தகமா வந்தது. பல நாடுகள் ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் பரவி இருக்கறது தெரிய வந்தது. மேலேயிருந்து பிரிச்ச எல்லைன்னா ஆறுதான் எல்லையா இருந்திருக்கணும். அப்படி இல்லாததால, நாடுங்கறது அடிப்படையில விவசாயம் பண்ற ஊர்கள் தங்களுக்குள்ள சேர்ந்து உருவான ஒரு கூட்டம்ங்கறது அவரோட முடிவு. அந்த ஊர்களோட நிலக்காரங்கதான் நாட்டார். கோயிலுக்குக் கொடுக்கறது, வரியைப் பிரிக்கறது மாதிரி விஷயங்கள்ல நாட்டார் ஒண்ணா சேர்ந்து முடிவெடுத்ததை நிறைய கல்வெட்டு சொல்லுது.

உடனே "பார்த்தீங்களா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்மகிட்ட ஜனநாயகம்"னு புல்லரிக்க வேண்டாம். எல்லாரும் மேற்கோள் காட்டற உத்திரமேரூர் கல்வெட்டுகளையே எடுத்துக்குவோம். முதலாம் பராந்தகன் காலம், 919 மற்றும் 921. 30 குடும்புகள், அதாவது இன்னிக்கு பாஷையில 30 வார்டு. குடவோலை போட்டு ஆளை எடுக்கணும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். கணக்கு காட்டாதவன் திரும்ப நிக்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாது. இது எல்லாம் பிரமாதம். ஆனா நிக்கறவனுக்கு வரி கட்டற கால்வேலி நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், வயசு 35-லிருந்து 70, வேதம் தெரிஞ்சிருக்கணும். அது ஒரு பிராமண ஊரோட சபை. பெண்களுக்கும், நிலமில்லாம அதே ஏரிப் பாசன வயலில் உழைச்சவங்களுக்கும் அங்கே இடம் இல்லை. நாட்டார்ங்கறதும் நிலம் வச்சிருந்தவங்கதான். உள்ளூர்க்காரங்களே உள்ளூரைப் பார்த்துக்கிட்டாங்கங்கறது நிஜம். உள்ளூர்ல எல்லாரும் பார்த்துக்கலைங்கறதும் அதே அளவு நிஜம்.

மலை மேலே ஏறின அதிகாரம்

கி.பி. 1200 வாக்குல ஆனந்தக் கோன்ங்கறவர் ராஜகிரியில முதல்ல கோட்டை கட்டினதா சொல்றாங்க. கிருஷ்ணகிரி அவர் வாரிசான கிருஷ்ணக் கோன் பேர்ல. அப்புறம் விஜயநகரம், அதுக்குக் கீழே செஞ்சி நாயக்கர்கள். நாயக்கர் காலத்துலதான் செஞ்சி உச்சத்துக்குப் போகுது. 1597 வாக்குல இங்கே வந்த பிமெந்தாங்கற ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர்த்தா போர்ச்சுகல்ல இருக்கற எந்த ஊரை விடவும் செஞ்சி பெருசுன்னு எழுதி வச்சிருக்கார். பாலாற்றிலிருந்து கொள்ளிடம் வரைக்கும் உள்ள நிலத்துக்கு இதுதான் தலைநகரம்.

இங்கேதான் முதல் மாற்றம் நடந்துச்சு. ஏரியும் வயலும் முக்கியமா இருந்தவரை சிங்கபுரம் நாட்டோட பேரா இருந்தது. சண்டை முக்கியம்னு ஆனதும், ஏற முடியாத மலையே தலைநகரம். சுமார் 800 அடி உயர ராஜகிரிக்கு முன்னாடி சிங்கவரம் குன்று எம்மாத்திரம்? படை இருந்த இடத்துக்குக் கஜானா போச்சு, கஜானா போன இடத்துக்குக் கணக்கப்பிள்ளை போனார்.

அதுக்கப்புறம் கோட்டையைப் பிடிக்க வரிசையில நின்னாங்க. 1649-ல் பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர்கள், 1750-ல் பிரெஞ்சுக்காரங்க, 1761-ல் ஆங்கிலேயர்கள். ஒவ்வொருத்தரும் அவங்க பங்குக்கு ஊர்ப் பேரையும் மாத்தினாங்க. பீஜப்பூர்க்காரங்களுக்கு பாதுஷாபாத், மராட்டியர்களுக்கு சந்தி, மொகலாயர்களுக்கு நுஸ்ரத்கட், வெள்ளைக்காரங்களுக்கு ஜிஞ்சி. கெஜட்டுல என்ன எழுதினாலும் நம்ம ஜனங்க செஞ்சின்னே சொன்னாங்க, இன்னமும் சொல்றாங்க. சிங்கவரம் பக்கத்துலயே இருந்தும் அது பேரை மாத்த யாரும் மெனக்கெடலை.

குண்டு போற தூரம்

எல்லை போடறதுல இதை விட வினோதமான கதை எனக்குத் தெரிஞ்சு வேற இல்லை. 1690-ல் சிவாஜியோட மகன் ராஜாராம் செஞ்சியில இருக்கார். மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் கோட்டையை முற்றுகை போட வந்துட்டார். அந்த முற்றுகை எட்டு வருஷம் நீடிச்சது. ராஜாராமுக்குப் பணம் வேணும். கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலூர் பக்கத்துல தேவனாம்பட்டினத்துல ஒரு கோட்டை வேணும். பேரம் முடிஞ்சது. கோட்டையோட சேர்த்து அதைச் சுத்தி பீரங்கிக் குண்டு போய் விழற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்கு. ஆங்கிலேயர்கள் பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த இடத்தை எல்லையா வச்சாங்க. அதுக்குள்ள வந்த ஊர்களைக் 'குண்டு கிராமங்கள்'னு ரொம்ப காலம் சொல்லிட்டிருந்தாங்க.

இப்போ யோசிச்சுப் பாருங்க. செஞ்சிக் கோட்டையில உட்கார்ந்துகிட்டு, எங்கேயோ கடலோரத்துல இருக்கற மண்ணைக் கையெழுத்துப் போட்டு வித்தாங்க. அப்படி வித்த இடம் வளர்ந்து, பிற்பாடு தென்னார்க்காடு மாவட்டத்தோட தலைநகரமா ஆச்சு. வித்த செஞ்சி அந்த மாவட்டத்துல ஒரு மூலையில போய் விழுந்துச்சு.

நடுவுல இன்னொரு இடமாற்றமும் நடந்தது. மொகலாயர்கள் செஞ்சியைப் பிடிச்ச கையோட கர்நாடகப் பகுதிக்கு இதையே தலைமையிடமா வச்சிருந்தாங்க. ஆனா இடம் உடம்புக்கு ஆகலைன்னு தாவூத் கான் காலத்துல ஆற்காட்டுக்கு மாத்திட்டாங்க. நம்ம மாவட்டங்களுக்கு வடஆற்காடு, தென்னார்க்காடுன்னு பேர் வந்ததுக்கு மூலம் இதுதான். மொகலாய அதிகாரிங்களுக்கு செஞ்சியோட காத்தும் தண்ணியும் ஒத்துக்கிட்டிருந்தா, ஒருவேளை 'வடசெஞ்சி மாவட்டம்'னு எழுதிட்டிருந்திருப்போம் :-)

தேசிங்கு கதையையும் இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா வேற மாதிரி தெரியும். அவர் அப்பா ஸ்வரூப் சிங், மொகலாயர் நியமிச்ச கோட்டைத் தலைவர். அவர் செத்ததும் 1714-ல் தேசிங்கு வந்து கோட்டை பரம்பரையா தனக்குத்தான்னு உட்கார்ந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், பழைய வரிப் பாக்கி எங்கேன்னு கேட்டார். பதவி பரம்பரைச் சொத்தா, இல்லை மேலே இருக்கறவன் கொடுத்து வாங்கற வேலையா? பாக்கியை யார் கட்டணும்? சுத்தமான நிர்வாகத் தகராறு. அது சண்டையில முடிஞ்சு, 1714 அக்டோபர் 3-ஆம் தேதி 22 வயசுல தேசிங்கு செத்துப்போனார். போருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சிங்கவரம் ரங்கநாதர்கிட்ட உத்தரவு கேட்டப்போ, வேண்டாம்னு பெருமாள் முகத்தைத் திருப்பிக்கிட்டார்னு ஊர்ல கதை உண்டு. முந்நூறு வருஷமா சிங்கவரம் வெளியாளுங்களுக்குத் தெரிஞ்சதே இந்தக் கதையால்தான்.

ரயில் வந்த ஊர், வராத ஊர்

1801-ல் நவாப் கையிலிருந்து மொத்தமும் கம்பெனிக்குப் போச்சு. தென்னார்க்காடு மாவட்டம், கலெக்டர் கடலூர்ல. கம்பெனிக்குக் கப்பல் முக்கியம், அதனால துறைமுகம். பீரங்கி வளர்ந்துட்ட காலத்துல மலைக்கோட்டைக்கு வேலை இல்லை. லிஸ்பனோட ஒப்பிட்ட நகரம், திண்டிவனம் தாலுகாவுல ஒரு ஊர்னு கெஜட்டியர்ல ஒரு வரியா சுருங்கிடுச்சு. தனி தாலுகா ஆனதெல்லாம் பிற்பாடு.

அப்புறம் ரயில். 1870-களில் சென்னையிலிருந்து தெற்கே போட்ட பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியா போச்சு. 1879-ல் பாண்டிச்சேரிக்குக் கிளை போட்டதும் விழுப்புரம் ஜங்ஷன் ஆச்சு. அடுத்து திருவண்ணாமலை, காட்பாடி பக்கமும் பாதை போட்டாங்க. நாலு பக்கமும் தண்டவாளம். செஞ்சிக்கு இன்னிக்கு வரைக்கும் ரயில் வரலை. திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை பாதைன்னு திட்டம் போட்டுப் பல வருஷம் ஆச்சு. 1993 செப்டம்பர் 30-ல் தென்னார்க்காட்டை ரெண்டா பிரிச்சப்போ, புது மாவட்டத்துக்கு எது தலைநகரம்ங்கறதுல பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. ஜங்ஷன் இருந்த விழுப்புரம்தான்.

இதையெல்லாம் வரிசையா வச்சா கோடு தெளிவா இருக்கு. ஏரி இருந்த ஊர், மலை இருந்த ஊர், நவாப் இருந்த ஊர், துறைமுகம் இருந்த ஊர், ஜங்ஷன் இருந்த ஊர். சிங்கபுரம், செஞ்சி, ஆற்காடு, கடலூர், விழுப்புரம். நம்ம தொழில் பாஷையில சொன்னா, சிங்கவரம்ங்கற ஃபைல் இருந்த இடத்துலயே இருக்கு. அதுக்கு மேல இருக்கற ஃபோல்டரை மட்டும் ஆளாளுக்கு இழுத்து இழுத்து வேற இடத்துல போட்டிருக்காங்க.

இன்னிக்கு யார் எதைப் பார்க்கறாங்க?

இது ஏதோ பழைய கதைன்னு நினைச்சா தப்பு. சிங்கவரத்துல ஒருத்தருக்குப் பட்டாவுல பிரச்சினைன்னு வச்சுக்குவோம். முதல்ல வி.ஏ.ஓ., அப்புறம் செஞ்சி தாசில்தார். அங்கே முடிவு சரியில்லைன்னு மேல்முறையீடு பண்ணணும்னா திண்டிவனம் கோட்டாட்சியர். கலெக்டர்னா விழுப்புரம். ஓட்டுப் போடறது செஞ்சி சட்டமன்றத் தொகுதியில. ஆனா 2008 மறுசீரமைப்புக்கு அப்புறம், 2009 தேர்தல் முதல், எம்.பி. ஆரணிக்கு. ஆரணி இருக்கறதோ திருவண்ணாமலை மாவட்டத்துல. தலை சுத்துதா? நான் ஒரு பேப்பர்ல படம் போட்டுத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

வருவாய்த் துறை ஒரு பக்கம், ஊராட்சி இன்னொரு பக்கம். வி.ஏ.ஓ. ஊராட்சித் தலைவருக்குக் கீழே வேலை பாக்கறவர் இல்லை. 1980 வரைக்கும் அந்த இடத்துல பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் இருந்தாங்க. எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பர்ல ஒரு அவசரச் சட்டத்தால அந்தப் பதவிகளை ஒழிச்சு, பரீட்சை எழுதி வர்ற வி.ஏ.ஓ.க்களைக் கொண்டு வந்தது. அடங்கலும் சிட்டாவும் தலைமுறை தலைமுறையா ஒரே வீட்டுப் பெட்டியில பூட்டி இருந்த நிலைமை அத்தோட முடிஞ்சது. என்னைக் கேட்டா, செஞ்சிக் கோட்டை கைமாறின எந்தத் தேதியையும் விட ஒரு சாதாரண சிங்கவரத்துக்காரருக்கு இந்தத் தேதிதான் பெருசு.

ஏரிக்கு வருவோம். தமிழ்நாட்டுல ஒரு ஏரியோட ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா அது பொதுப்பணித் துறை வசம் (2021-க்கு அப்புறம் தனியா நீர்வளத் துறை). அதுக்குக் கீழே இருந்தா ஊராட்சி ஒன்றியம். இதோட சிக்கல் என்னன்னா, ஏரிகள் ஒண்ணோட ஒண்ணு சங்கிலி மாதிரி கோத்தது. மேல் ஏரி ஒருத்தர் கையில, கீழ் ஏரி இன்னொருத்தர் கையில, நடுவுல ஓடற வாய்க்கால் யாரோடதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவாங்க. ஒரே தண்ணியைச் சுத்தி உருவான நாடுங்கற அமைப்புல இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

இங்கிலாந்துல சின்னச் சின்ன குடியிருப்பு ஊர்களிலும் இப்படித்தான்னு படிச்சேன். குப்பை அள்றது டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், ரோடு கவுன்டி கவுன்சில், பூங்கா பெஞ்சு பாரிஷ் கவுன்சில். அங்கேயும் எல்லையை அழிச்சு அழிச்சு எழுதறாங்க. மிடில்செக்ஸ்னு ஒரு கவுன்டி 1965-லயே நிர்வாகத்துலிருந்து போயிடுச்சு. இன்னமும் ஜனங்க முகவரியில அதை எழுதறாங்களாம். சிங்கபுர நாடு அந்த அளவுக்குக் கூட மிஞ்சலை. ஊர்ப் பேருல மட்டும் ஒளிஞ்சுகிட்டிருக்கு.

கோடு போட்டதுல போன அஞ்சு வருஷம்

73-வது சட்டத்திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்து, 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் கட்டாயம். உத்திரமேரூர்ல இடம் கிடைக்காதவங்களுக்கு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், இதுல சட்டப்படி இட ஒதுக்கீடு. காகிதத்துல பார்த்தா சோழர் காலத்தை விட எவ்வளவோ மேல்.

ஆனா 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சதும் தேர்தல் நடக்கலை. தனி அலுவலர்கள் கைக்கு ஊராட்சிகள் போச்சு. வழக்கு, தள்ளிவைப்பு, திரும்ப வழக்கு. 2019 கடைசியில ஒரு வழியா ஊரகத் தேர்தல் நடந்தப்போ, ஒன்பது மாவட்டங்களுக்கு மட்டும் கிடையாதுன்னு ஆச்சு. காரணம், அந்த வருஷம்தான் அந்த மாவட்டங்களைப் பிரிச்சிருந்தாங்க, வார்டு எல்லையை மறுபடி வரையணும். அந்த ஒன்பதுல விழுப்புரமும் ஒண்ணு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா போனதால.

கவனிங்க, கள்ளக்குறிச்சி எங்கேயோ தெற்குல இருக்கு. சிங்கவரத்தோட எல்லை ஒரு இஞ்ச் கூட நகரலை. ஆனாலும் மாவட்டம்ங்கற பெரிய கோட்டை மாத்தினதால இந்தச் சின்ன ஊருக்கும் தேர்தல் இல்லை. கடைசியில 2021 அக்டோபர்ல தேர்தல் நடந்தது. முழுசா அஞ்சு வருஷம். ஒரு தலைவரோட மொத்தப் பதவிக்காலம். செஞ்சிப் பேரூராட்சிக்கு அது கூட இல்லை, 2011-க்கு அப்புறம் 2022 பிப்ரவரியிலதான் தேர்தல். 2011 கணக்கெடுப்புப்படி சுமார் 27 ஆயிரம் பேர் இருந்த ஊர். தெருவிளக்கு எரியலைன்னா போய்க் கேட்க வார்டு கவுன்சிலர்னு ஒருத்தர் இல்லாமலே பல வருஷம் ஓட்டியிருக்காங்க.

ராஜாராம் வித்த காலத்துல அந்தக் கடலோர ஊர்க்காரங்களை யாரும் கேட்கலை. பீரங்கியைச் சுட்டாங்க, எல்லை விழுந்தது. இப்போ பீரங்கி இல்லை, அரசாணை. நடைமுறை நாகரிகமாயிடுச்சு, அதுல சந்தேகமில்லை. ஆனா மேலே போடற கோடு கீழே எங்கே போய் இடிக்கும்னு அப்பவும் பார்க்கலை, இப்பவும் பார்க்கலை.

இப்போ அடுத்த கோடு வந்திருக்கு. 2025 ஜூலையில 'மராட்டிய ராணுவ நிலவமைப்புகள்'ங்கற பேர்ல யுனெஸ்கோ 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்துல, மிச்சம் ஒண்ணு செஞ்சி. சந்தோஷமான செய்திதான். கோட்டை ஏற்கெனவே மத்தியத் தொல்லியல் துறை கையில. 2010 சட்டத்திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தோட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டக் கூடாது. அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கித்தான் கட்டணும். 13 கிலோமீட்டர் சுவர் உள்ள கோட்டைக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கோட்டையைக் காப்பாத்தத்தான் வேணும், ரெண்டு கருத்தில்லை. அந்த 300 மீட்டருக்குள்ள வாழறவங்களுக்கு விதி என்ன, அனுமதி எங்கே வாங்கணும்னு தமிழ்ல எடுத்துச் சொல்ற ஒரு ஆள் உள்ளூர்லயே இருக்கணும்னுதான் சொல்றேன்.

தமிழ்நாட்டுல இப்போ வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இதோட 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டும் சேர்ந்தது. வரவு செலவுக் கணக்கை அங்கே வைக்கணும், யார் வேணும்னாலும் எழுந்து கேட்கலாம். குடவோலையைப் பத்திப் பெருமையா பேசறவங்க, என்னையும் சேர்த்து, எத்தனை பேர் சொந்த ஊர் கிராம சபையில ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கோம்?

அடுத்த தடவை செஞ்சிக் கோட்டைக்குப் போனா, ராஜகிரி ஏறி இறங்கின களைப்பு இருந்தாலும் பரவாயில்லை, சிங்கவரம் வரைக்கும் போயிட்டு வாங்க. படி ஏறி மேலே நின்னு பார்த்தா கோட்டை மலைகள் தெற்கே தெரியும், கீழே ஊரும் வயலும் தெரியும். அப்படியே ஊராட்சி அலுவலகம் எங்கேன்னு விசாரிச்சு, சுவத்துல எழுதியிருக்கற வரவு செலவையும் ஒரு பார்வை பாருங்க. எழுதியிருந்தா!